டெல்லியில் ஒரு பகல்: பழைய டெல்லியா, நிஜாமுத்தீனா, குதுப் மினாரா?

சென்னையிலிருந்து கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரண்டு ராத்திரி ஓடி, காலை ஏழு மணிவாக்கில் புதுடெல்லியில் கொண்டுவந்து இறக்கிவிடும். அங்கிருந்து ஹரித்வாருக்கோ அமிர்தசரஸுக்கோ ஜம்முவுக்கோ போகிறவர்களுக்கு அடுத்த வண்டி பெரும்பாலும் ராத்திரிதான். நடுவில் ஒரு பகல் சும்மா கிடக்கும். அதை என்ன செய்வது என்று வருஷத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். போன வாரம் சித்தி மகள் போன் செய்தாள்.

"அண்ணா, செங்கோட்டை, குதுப் மினார், இந்தியா கேட், லோட்டஸ் டெம்பிள், அக்ஷர்தாம். எல்லாத்தையும் ஒரே நாள்ல கார்ல காட்டிடறேன்னு ஒருத்தர் சொல்றார். போயிடலாமா?"

வேண்டாம் என்றேன். முதல் தடவை டெல்லி போனபோது நானும் அப்படி ஒரு காரில் ஏறியவன்தான். அன்று எங்களுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது ஐந்து கார் பார்க்கிங்குகளும், நடுவில் "பத்து நிமிஷம் பார்த்துட்டு வாங்க, வாங்கவேண்டியதில்லை" என்று இறக்கிவிட்ட ஒரு கம்பளக் கடையும்தான். அந்தப் பத்து நிமிஷம் முக்கால் மணி நேரமானது. குதுப் மினாரை வாசலிலிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழு மணிக்கு இறங்கி, வெயிட்டிங் ரூமில் குளித்து, பையை க்ளோக் ரூமில் போட்டு, டிபன் முடித்து வெளியே வர ஒன்பது ஆகிவிடும். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் டெல்லி ரோட்டை நம்பி எதுவும் செய்யக்கூடாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். மே, ஜூனில் என்றால் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வெளியே தலைகாட்ட முடியாது. வெயில் காலத்தில் மிச்சம் ஐந்தரை மணி நேரம், மற்ற நாளில் ஏழரை; போக வரக் கழித்து சுமாராக ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரத்தில் டெல்லியைப் பார்க்க முடியாது, டெல்லியில் ஒரு பேட்டையைப் பார்க்கலாம். எந்தப் பேட்டை என்பதுதான் கேள்வி.

என் கணக்கில் மூன்றுதான் போட்டிக்கு வரும். செங்கோட்டை, ஜும்மா மசூதி, சாந்தினி சவுக் எல்லாம் சேர்ந்த பழைய டெல்லி ஒன்று. முகலாய பாதுஷா ஹுமாயூன் கல்லறையும் சூஃபி ஞானி நிஜாமுத்தீனின் தர்காவும் இருக்கிற பக்கம் இரண்டாவது. குதுப் மினாரைச் சுற்றிய மெஹ்ரௌலி மூன்றாவது. எதை எடுப்பது என்பதை நம் ஆசை தீர்மானிப்பதைவிட, கையிலிருக்கும் டிக்கெட் தீர்மானிப்பது நல்லது என்பது என் அனுபவம்.

டிக்கெட்டில் முதலில் பார்க்கவேண்டியது

டெல்லியில் ஸ்டேஷன் ஒன்று இல்லை. புதுடெல்லி, பழைய டெல்லி, ஹஜ்ரத் நிஜாமுத்தீன், ஆனந்த் விஹார், சராய் ரோஹில்லா என்று ஐந்தாறு இருக்கின்றன. டிக்கெட்டில் வெறும் "டெல்லி" என்று போட்டிருந்தால் அது பழைய டெல்லி, புதுடெல்லி அல்ல. இது தெரியாமல் பெரியம்மாவையும் நான்கு பைகளையும் வைத்துக்கொண்டு புதுடெல்லி பிளாட்பாரத்தில் போர்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வண்டி கிளம்ப நாற்பது நிமிஷம் இருக்கும்போது பக்கத்தில் இருந்த ஒரு சர்தார்ஜி டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக, "இது இங்கே இல்லை" என்றார். ஆட்டோவில் பெரியம்மா சொன்ன சகஸ்ரநாமம்தான் வண்டியைப் பிடித்துக் கொடுத்தது என்று இன்றுவரை அவர் சாதிக்கிறார்.

ஆகவே ராத்திரி வண்டி எங்கிருந்து கிளம்புகிறதோ அதன் பக்கத்துப் பேட்டையை எடுத்துக்கொள்வது உத்தமம். பழைய டெல்லி அல்லது புதுடெல்லி என்றால் சாந்தினி சவுக். ஹஜ்ரத் நிஜாமுத்தீன் என்றால் கேட்கவே வேண்டாம், ஹுமாயூன் கல்லறை அங்கிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். கன்னியாகுமரி திருக்குறள் எக்ஸ்பிரஸ், மதுரை சம்பர்க் கிராந்தி, சென்னை ராஜதானி எல்லாமே நிஜாமுத்தீனுக்குத்தான் வருகின்றன என்பதால் தென்மாவட்டத்துக்காரர்களுக்கு இது ரொம்பவே வசதி. விமானம் பிடிக்கவேண்டும் என்றால் மூன்றில் மெஹ்ரௌலிதான் விமான நிலையத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறது.

அடுத்தது கிழமை. ஞாயிற்றுக்கிழமை சாந்தினி சவுக்கின் மொத்த வியாபாரக் கடைகள் பெரும்பாலும் மூடிக்கிடக்கும். தெருவைப் பார்க்கலாம், சந்தையைப் பார்க்க முடியாது. திங்கட்கிழமை செங்கோட்டைக்கு விடுமுறை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மா மசூதியில் தொழுகைக் கூட்டம், வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கு இடம் கிடையாது. வியாழக்கிழமை சாயங்காலம் நிஜாமுத்தீன் தர்காவில் கவ்வாலி என்கிற சூஃபிப் பாட்டு. ஹுமாயூன் கல்லறையும் குதுப் மினாரும் எல்லா நாளும் திறந்திருக்கும், அதுவும் சூரிய உதயத்திலிருந்தே.

பையைப் பற்றி ஒரு வார்த்தை. க்ளோக் ரூமில் பூட்டில்லாத பையை வாங்கமாட்டார்கள், ரயில் டிக்கெட்டையும் கேட்பார்கள். சணல் பை, கட்டைப் பை, ஊறுகாய் பாட்டில் தனியாக என்று வருகிறவர்கள் கிளம்பும்போதே எல்லாவற்றையும் பூட்டுகிற பைக்குள் அடக்கிவிடுங்கள். அங்கே போய் ஜிப்பில் கயிறு கட்டிக்கொண்டு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இலங்கையிலிருந்து வருகிற நம்மவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். தொல்லியல் துறை இடங்களில் வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் பல மடங்கு. ஆனால் இலங்கையும் சேர்ந்த சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டுக்காரர்களுக்கு இந்தியர்களுக்கு உள்ள அதே கட்டணம்தான். கவுன்டரில் முகத்தைப் பார்த்து எதையாவது சொன்னால் பாஸ்போர்ட்டை நீட்டுங்கள். பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு எங்குமே டிக்கெட் இல்லை.

பழைய டெல்லி

புதுடெல்லி ஸ்டேஷனில் அஜ்மேரி கேட் பக்கம் இறங்கினால் மெட்ரோ. மஞ்சள் தடத்தில் இரண்டாவது நிறுத்தம் சாந்தினி சவுக். டெல்லியில் இவ்வளவு சுலபமாகப் போய்ச் சேரும் பழைய இடம் வேறொன்று இல்லை.

ஆனால் எல்லோரும் செய்கிற தப்பு, காலை எட்டு மணிக்கே கடைத்தெருவுக்குள் போய் நிற்பது. அந்த நேரத்தில் ஷட்டர்கள் எல்லாம் மூடியிருக்கும், குப்பை வாரிக்கொண்டிருப்பார்கள். கடைகள் கண்விழிக்கப் பத்தரை, பதினொன்று ஆகும். அதனால் காலையில் கட்டடங்களை முடித்துவிட்டு, வெயில் ஏறும்போது சந்துகளுக்குள் நுழைவதுதான் கணக்கு. சந்துகளில் வெயில் விழாது என்பது கூடுதல் லாபம்.

முதலில் ஜும்மா மசூதி. ஷாஜஹான் கட்டி 1656இல் முடித்தது. முற்றத்தில் 25,000 பேர் தொழலாம் என்பார்கள். அந்த எண்ணிக்கையைவிட மசூதியின் படிக்கட்டுதான் எனக்குப் பிடிக்கும். காலையில் படியில் உட்கார்ந்தால் எதிரே மீனா பஜார் பக்கமிருந்து புறாக்கள் ஒரே விரிப்பாக எழுந்து வட்டமடித்துத் திரும்ப அதே இடத்தில் இறங்கும். அரைக்கால் சட்டை போட்டுப் போனால் வாசலில் மேலே சுற்றிக்கொள்ள ஒரு துணியைக் கொடுத்து அனுப்புவார்கள்.

செங்கோட்டைக்குள் போகவேண்டுமா? இங்கேதான் பலரோடு எனக்கு வழக்கு. ஷாஜஹான் தலைநகரை ஆக்ராவிலிருந்து மாற்ற முடிவு செய்து 1639இல் தொடங்கி 1648இல் முடித்த அரண்மனை அது. வெளியிலிருந்து அந்த மதிலைப் பார்த்தால் உள்ளே என்னென்னவோ இருக்கும் என்று தோன்றும். ஆனால் 1857க்குப் பிறகு ஆங்கிலேயர்கள் உள்ளே இருந்ததில் பெரும்பகுதியை இடித்துத் தள்ளிவிட்டுப் பட்டாளத்துக்குக் கொட்டடி கட்டினார்கள். மிச்சம் இருக்கும் திவானி ஆம், திவானி காஸ் மண்டபங்களுக்கு நடுவே புல்தரையும் வெயிலும்தான். மயிலாசனத்தை 1739இலேயே பாரசீக மன்னன் நாதிர் ஷா தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஆறு மணி நேரத்தில் இரண்டை இதற்குக் கொடுப்பதை நான் தவிர்ப்பேன். மதிலைப் பார்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் வீட்டில் மலேயாவிலிருந்து வந்த தாத்தா யாராவது நேதாஜியின் இந்திய தேசியப் படையில் (ஐஎன்ஏ) இருந்தார் என்று கதை கேட்டு வளர்ந்தவரானால், உள்ளே போகத்தான் வேண்டும். 1945 நவம்பரில் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் என்ற ஐஎன்ஏ அதிகாரிகள் மூவர் மீதும் விசாரணை நடந்தது இந்தக் கோட்டைக்குள்தான். அந்தப் பிரேம் சேகலைத்தான் பின்னால் ஐஎன்ஏவின் பெண்கள் படைக்குத் தலைமை தாங்கிய நம் கேப்டன் லட்சுமி கல்யாணம் செய்துகொண்டார். நேதாஜிக்கும் ஐஎன்ஏவுக்கும் அந்தக் கொட்டடி ஒன்றிலேயே 2019இல் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள்.

கோட்டைக்கு எதிரே தொடங்கி ஃபதேபுரி மசூதி வரை நேர்க்கோடாகப் போகிறது சாந்தினி சவுக். ஒன்றேகால் கிலோமீட்டர் சொச்சம். ஷாஜஹானின் மகள் ஜஹானாரா திட்டம்போட்டு உண்டாக்கிய கடைவீதி. அந்தக் காலத்தில் நடுவே கால்வாய் ஓடியது, குளத்தில் நிலா தெரிந்தது, அதனால் "நிலாச் சதுக்கம்" என்று பெயர். இப்போது நிலாவைத் தேடாதீர்கள். ஆனால் 2021இல் தெருவைப் புதுப்பித்த பிறகு காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை மோட்டார் வண்டிகள் கிடையாது என்று விதி வைத்திருக்கிறார்கள். சைக்கிள் ரிக்ஷாக்காரர்கள் இடித்துக்கொண்டு போவார்கள்தான். என்றாலும் முன்னைப்போல ஹாரன் சத்தத்தில் காது செத்துப்போவதில்லை.

அந்த ஒரே தெருவில் வரிசையாக ஜைனக் கோயில், கௌரி சங்கர் கோயில், சீக்கிய குரு தேக் பகதூர் 1675இல் தலை வெட்டப்பட்ட இடத்தில் நிற்கும் சீஸ் கஞ்ச் குருத்வாரா, கடைசியில் ஃபதேபுரி மசூதி. ஜைனக் கோயிலோடு சேர்ந்தாற்போல் பறவைகளுக்கு ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது. புறாவும் கிளியும் உள்ளே படுத்து வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். பருந்து போன்ற மாமிசம் தின்னும் பறவைகளுக்கு மருந்து உண்டு, படுக்கை கிடையாது, வெளிநோயாளிதான். குழந்தைகள் கூட வந்தால் செங்கோட்டையைவிட இதைத்தான் ஊரில் வந்து சொல்லும்.

இடது பக்கம் திரும்பினால் தரிபா கலான், வெள்ளிக் கடைகள். அதிலிருந்து கினாரி பஜார், ஜரிகை, கல்யாண மாலை, தலைப்பாகை. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் கடைக்குள் ஏறி நிற்கவேண்டும், அவ்வளவு அகலம்தான். கொஞ்சம் தள்ளி பராட்டே வாலி கல்லி. பராட்டாவைக் கல்லில் போடமாட்டார்கள், இரும்புச் சட்டியில் நெய்யில் முக்கிப் பொரிப்பார்கள். வழிவழியாக நடக்கிற கடைகளில் வெங்காயம் பூண்டு சேர்ப்பதில்லை என்பதால் பெரியம்மா போன்றவர்களுக்குத் தோது. ஒன்று சாப்பிட்டால் ருசி, இரண்டு சாப்பிட்டால் மத்தியானத் தூக்கம். என்னைக் கேட்டால், காலையில் சாவ்ரி பஜார் பக்கம் கிடைக்கும் பெட்மி பூரியும் உருளைக்கிழங்குக் குழம்பும் இதைவிட மேல்.

ஆனால் இந்தப் பேட்டையின் உயிர் ஃபதேபுரி மசூதிக்குப் பின்னால் இருக்கிறது. காரி பாவ்லி, மசாலா மொத்தச் சந்தை. தெருவுக்குள் திரும்பும்போதே மூக்கு சொல்லிவிடும். கதோடியா மார்க்கெட் என்று ஒரு பழைய கட்டடம். நடு முற்றத்தைச் சுற்றி மிளகாய் மூட்டைக் கிடங்குகள். உள்ளே காலை வைத்ததும் தொண்டையில் ஏதோ கவ்வும். பெரியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பதினொரு தும்மல் போட்டார், எண்ணினேன். எங்களுக்குப் பின்னால் வந்த வெள்ளைக்காரத் தம்பதி, முன்னால் நின்ற கடைப்பையன், மூட்டை இறக்கிக்கொண்டிருந்த கூலிக்காரர் எல்லோருமே இருமிக்கொண்டிருந்தார்கள். தினம் அங்கேயே கிடக்கிறவர்களுக்கும் பழகிப்போவதில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. மூட்டை முதுகில் ஏறியதும் கூலிக்காரர் நிற்கமாட்டார். "சைடு, சைடு" என்று ஒரு குரல் வரும், அடுத்த நொடி நாம் சுவரோடு ஒட்டிக்கொள்ளவேண்டும். இடுக்குப் படியில் ஏறி மொட்டைமாடிக்குப் போனால் ஃபதேபுரி மசூதியின் முற்றமும் கூரைகளும் கண்ணுக்கு எட்டும்வரை தெரியும். சில நாள் மாடிக்கு விடமாட்டார்கள், அது நம் அதிர்ஷ்டம்.

எதை வாங்குவது என்பதில் ஒரு புத்தி சொல்கிறேன். ஏலக்காயைக் கண்டு மயங்காதீர்கள். அது போடிநாயக்கனூரில் ஏலம் போய் ரயிலேறி வந்த சரக்காகவே இருக்கலாம். மிளகும் நம் பக்கத்து மலைதான். இங்கே வாங்கவேண்டியது வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வருகிறவை. காஷ்மீர் வால்நட், ஆப்கானிஸ்தானத்து அத்தி, உலர்ந்த ஆப்ரிகாட், திராட்சை. முக்கியமாகப் பெருங்காயம். நம் ஊர் டப்பாவில் வருவது மாவு கலந்தது. இங்கே பிசின் வாடை மாறாத கட்டியாகக் கேட்டு வாங்கலாம். ஆனால் நான்கு உறை போட்டு மூடுங்கள். பெரியம்மா கால் கிலோ வாங்கிப் பையில் வைத்ததில் ஹரித்வார் போய்ச் சேர்கிறவரை எங்கள் கோச்சில் எல்லோரும் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

இவ்வளவு சொன்னபிறகு குறையையும் சொல்லவேண்டும். சுத்தமான கழிப்பறைக்கு இங்கே பெரும்பாடு. உட்கார இடம் இல்லை. முழங்கால் வலி இருப்பவர்கள், தள்ளுவண்டிக் குழந்தை வைத்திருப்பவர்கள் ரிக்ஷாவிலேயே இருந்தபடி ஒரு சுற்று போய்வரலாம். பேரத்தை ஏறுவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள், ஆளுக்கா வண்டிக்கா என்பதையும் சேர்த்து.

நிஜாமுத்தீன்

சத்தம் ஆகாதவர்களுக்கு இது. ஹுமாயூன் 1556இல் இறந்தார்; அவருடைய மனைவி பேகா பேகம் பாரசீகக் கட்டடக் கலைஞர் மீரக் மிர்சா கியாஸை வைத்துக் கட்டியது இந்தக் கல்லறை. 1570வாக்கில் முடிந்தது. தாஜ்மகாலுக்கு அஸ்திவாரம் போட்டதே 1632இல்தான். நாற்புறத் தோட்டம், நடுவில் மேடை, மேலே வெள்ளைக் குவிமாடம் என்று தாஜில் நாம் பார்ப்பதற்கெல்லாம் ஒத்திகை இங்கே நடந்திருக்கிறது. மனைவிக்காகக் கணவன் கட்டியதைப் பற்றி நாலு பாட்டு இருக்கிறது, கணவனுக்காக மனைவி கட்டியதைப் பற்றி யாரும் பாடவில்லை என்று பெரியம்மா அங்கே குறைப்பட்டுக்கொண்டார். 1857 செப்டம்பரில் டெல்லி விழுந்தபோது கடைசி பாதுஷா பகதூர் ஷா ஜாஃபர் ஒளிந்திருந்ததும், ஆங்கிலேய அதிகாரி ஹாட்ஸனிடம் பிடிபட்டதும் இங்கேதான். வம்சத்தின் இரண்டாவது அரசர் புதைந்த இடத்தில் வம்சமே முடிந்தது.

டிக்கெட் வாங்கி உள்ளே போனதும் வலது பக்கம் இசா கானின் எண்கோணக் கல்லறை. எல்லோரும் நேரே பெரிய கட்டடத்தைப் பார்த்து ஓடுவார்கள். இது அதற்கும் மூத்தது, 1547. நின்று பார்த்துவிட்டுப் போங்கள். பக்கத்திலேயே சுந்தர் நர்சரி. மரநிழல், நல்ல கழிப்பறை, சாப்பாடு எல்லாம் உண்டு. பெரியவர்களை அங்கே மத்தியானம் படுக்கவைத்துவிடலாம்.

சாயங்காலம் மதுரா ரோட்டைத் தாண்டித் தர்காவுக்கு. வழி நெடுக ரோஜாவும் அத்தரும் பச்சைச் சால்வையும் விற்கும் சின்னக் கடைகள். "செருப்பை இங்கே விடு, பூத்தட்டு வாங்கு" என்று ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். வாங்கவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, சிரித்துக்கொண்டே நடந்துவிடுங்கள். கருவறை போன்ற உள்ளறைக்குள் பெண்களை விடுவதில்லை, ஜாலி என்கிற துளைபோட்ட கல் தடுப்பு வழியாகப் பார்க்கலாம்.

அங்கே இரண்டு கல்லறைகளைத் தேடிப் பார்க்கச் சொல்வேன். ஒன்று அமீர் குஸ்ரோவுடையது. தன் குரு நிஜாமுத்தீன் அவுலியா போன அதே 1325இல் அவரும் போனார். டெல்லிக்காரர்களுக்கு அவர் பாட்டுக்காரர். நமக்கு இன்னொரு தொடர்பு. 1311இல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காஃபூர் மதுரை வரை வந்து கொள்ளையடித்துப் போன படையெடுப்பை எழுதிவைத்தவர் இவர்தான். அவர் "மாபார்" என்று எழுதும் தேசம் நம் தமிழ்நாட்டுக் கரை.

மற்றது ஜஹானாராவுடையது. சாந்தினி சவுக்கை உண்டாக்கிய அதே இளவரசி. சலவைக்கல் தடுப்புக்குள் மேலே கூரை இல்லாத ஒரு சின்னச் சமாதி. நடுவில் கல்லைக் குழித்து மண் நிரப்பியிருக்கிறார்கள், அதில் புல். தன்மேல் புல்லைத் தவிர வேறெதுவும் மூடவேண்டாம் என்று கல்வெட்டில் எழுதவைத்திருக்கிறார். நான் போன அன்று அந்தப் புல்மேல் இரண்டு ரோஜா இதழும், ஒரு பஸ் டிக்கெட்டும் கிடந்தன. தர்காப் பணியாள் ஒருவர் டிக்கெட்டை மட்டும் எடுத்து மடித்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இந்தப் பக்கத்தில் குறை என்றால் சந்தைதான். தர்காவைச் சுற்றிய குடியிருப்புக்குள் இருக்கும் கடைகள் தர்காவுக்கு வருகிறவர்களுக்கானவை. "டெல்லி போய் என்ன வாங்கிட்டு வந்தே?" என்ற கேள்விக்கு அத்தர் குப்பியைத் தவிரக் காட்ட எதுவும் இருக்காது.

மெஹ்ரௌலி

குதுப் மினாரின் உயரம் 72.5 மீட்டர். 1199வாக்கில் குத்புத்தீன் ஐபக் தொடங்கி, இல்துத்மிஷ் உயர்த்தி, இடி விழுந்தபின் ஃபிரோஸ் ஷா துக்ளக் மேல் அடுக்கைச் செப்பனிட்டார். மேலே ஏற முடியாது. 1981இல் உள்ளே படிக்கட்டில் நெரிசலில் 45 பேர் இறந்ததிலிருந்து மூடிவிட்டார்கள்.

மினாரைவிட எனக்கு அந்த முற்றத்து இரும்புத் தூண் பெரிது. ஏழு மீட்டருக்கு மேல் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை, 1,600 ஆண்டாக மழையிலும் வெயிலிலும் நிற்கிறது, துரு தின்னவில்லை. ஏன் என்று ஐஐடி கான்பூரில் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் நெடுநாள் ஆராய்ந்தார். இரும்பில் பாஸ்பரஸ் கூடுதலாக இருந்ததால் மேலே ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டாகி அதுவே கவசமாகிவிட்டது என்றார். முன்பெல்லாம் முதுகைக் கொடுத்துக் கையால் தூணைக் கட்டிப்பிடித்தால் அதிர்ஷ்டம் என்று எல்லோரும் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது வேலி.

பக்கத்தில் அலாய் தர்வாஜா என்கிற வாசல். கட்டிய வருஷம் 1311. மாலிக் காஃபூர் நம் ஊர் யானைகளோடும் பொன்னோடும் டெல்லிக்குத் திரும்பிய அதே வருஷம்.

இடம் அருமைதான். ஆனால் புதுடெல்லியிலிருந்து மெட்ரோவில் அரைமணிக்கு மேல் போய், குதுப் மினார் ஸ்டேஷனில் இறங்கி, மறுபடி ஒரு ஆட்டோ பிடிக்கவேண்டும். சந்தை என்று சொல்ல ஒன்றும் இல்லை. சாயங்காலம் விமானம் என்றால் மட்டும் இதை எடுங்கள்.

இந்தியா கேட்டை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பார்கள். அதை டிவியில் ஒவ்வொரு ஜனவரி 26க்கும் பார்த்தாகிவிட்டது. அந்தப் பக்கம் போக ஒரே காரணம் தேசிய அருங்காட்சியகம். சோழர் காலத்து நடராசரும், மொகஞ்சதாரோவின் பத்தரை சென்டிமீட்டர் நடனப் பெண்ணும் ஒரே கூரையின் கீழ். அடைமழை நாளிலோ, ஜூன் வெயிலிலோ ஏசிக்காகவாவது போகலாம். அதுவும் திங்கள் விடுமுறை.

சித்தி மகளின் டிக்கெட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். டிசம்பர் மூன்றாவது வாரம், திங்கட்கிழமை. டேராடூன் வண்டி ராத்திரி பத்து மணிக்கு மேல், பழைய டெல்லி ஸ்டேஷனிலிருந்து. கூட மாமியார், இரண்டு பிள்ளைகள்.

"சாந்தினி சவுக்தான்" என்றேன்.

"திங்கட்கிழமை செங்கோட்டை லீவுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அதனாலதான் சொல்றேன். மூடியிருந்தா உள்ளே போகணுமான்னு சண்டை வராது. கடைகள் அன்னிக்குத் திறந்திருக்கும்."

டிசம்பரில் பனிமூட்டம் இருக்கிறது. தெற்கிலிருந்து வரும் வண்டிகள் ஐந்தாறு மணி நேரம் தாமதமாவது சகஜம். மத்தியானம் பன்னிரண்டுக்கு இறங்கினாலும் பழைய டெல்லியில் பாதியாவது பார்க்கலாம். மசூதியை விட்டுவிட்டு நேரே ஃபதேபுரி பக்கம் போய்விடலாம். நிஜாமுத்தீனை எடுத்திருந்தால் போக வரவே பொழுது போய்விடும். மாமியாருக்குக் கால்வலி என்றால் ஒரு ரிக்ஷாவை மணிக்கணக்கில் பேசிக்கொள்ளட்டும்.

"சரிண்ணா. அப்ப அந்தக் கார்க்காரர் கிட்ட என்ன சொல்றது?"

"வரச் சொல்லு. புதுடெல்லியில இறங்கினதும் பையோட உங்களைப் பழைய டெல்லி ஸ்டேஷன்ல விடச் சொல்லு. அங்கே க்ளோக் ரூம்ல பையைப் போட்டுட்டு நடந்தே சாந்தினி சவுக் போயிடலாம். ராத்திரி பை தேடி அலையவேண்டாம். நாலு கிலோமீட்டருக்கு என்ன கேக்கறாரோ அதைக் கொடுத்து அனுப்பிடு. வழியில கம்பளக் கடை இருக்குன்னு சொன்னா, எங்க வீட்ல கோரைப்பாய்தான்னு சொல்லிடு."